மூன்றாம் இழுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஓணத்துக்குச் சற்று முன்பு நெய்யாற்றின்கரையில் எனக்குக் கண்புரை அறுவை நடந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது, குனியக்கூடாது, தூசியில் இறங்கக்கூடாது, டிவி பக்கம் தலைவைக்கக்கூடாது என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குக் கதை எப்போதும் பேச்சாகத்தான் வரும். முகம், உடுப்பு, முற்றம் எல்லாம் பிறகு நான் சிரமப்பட்டு ஒட்டவைப்பவை. இந்தக் கதை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே ஜீனாவின் வீடு. ஜீனா ரப்பர் வெட்டப் போகிறவள். அவள் கணவன் நிஜின், வெள்ளறடைச் சந்திப்பில் ஆட்டோ ஓட்டுகிறான். ஜீனா இன்னொன்றும் செய்கிறாள். எங்கள் ஊர்ப் பெண்கள் வடம்வலி அணிக்கு அவள்தான் கேப்டன். வடம்வலி என்றால் கயிறு இழுக்கும் போட்டி, மூன்று இழுப்பில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஓணக்காலத்தில் எங்கள் எல்லைக் கிராமங்களில் அதற்குச் சேரும் கூட்டம் கோவிலுக்கும் சேராது, சர்ச்சுக்கும் சேராது.

அன்று அவள் அணி அரையிறுதியில் ஜெயித்திருந்தது. உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் சஜி எடுத்த பேட்டி சாயங்காலம் ஓடியது. ஜீனாவின் வீட்டில் அணியில் பாதிப்பேர் கூடியிருந்து சாயா குடித்தபடி பார்த்தார்கள். நான் இந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருந்தேன்.

“ஜீனா சேச்சி, அடிபொளி வெற்றி! எல்லாருக்கும் அறிய வேண்டிய ஒரு காரியம் உண்டு. இவ்வளவு பலம் வச்சிருக்கிய. வீட்டில நிஜின் சேட்டனுக்குப் பேடி உண்டா? அவரையும் இப்படித்தான் பிடிச்சு இழுப்பியளா?”

பேடி என்றால் எங்கள் பக்கத்தில் பயம். டிவிக்குள் கூட்டம் சிரித்தது. ஜீனாவின் வீட்டிலும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிவியிலிருந்த ஜீனாவும் சிரித்து, “அவரு பாவமாக்கும்” என்றாள். பேட்டி முடிந்தது.

வீட்டிலிருந்த ஜீனாவின் சிரிப்பு மட்டும் அதில் இல்லை. தம்ளரைக் கீழே வைக்கும் ஒலி. பிறகு:

“அவ்வளவுதானா? மூணாவது இழுப்பு பத்தி ஒண்ணுமே இல்லியா?”

“அவன் கேக்கல்லல்லா,” என்றது பிந்துவின் குரல். களத்தின் ஓரத்தில் நின்று அணிக்குக் குரல் கொடுக்கிறவள் பிந்து.

“ஆமா. கேக்கல்ல.”

இதைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். குனியக்கூடாது என்றுதானே சொன்னார், எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே.

2

தொடக்கம் ஒன்று: “ஆணாதிக்கம் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மைதானத்துக்குள் நுழைந்தபோது...”

(விட்டுவிட்டேன். ஆணாதிக்கம் நுழையவில்லை. சஜி நுழைந்தான். என் கண்ணுக்குச் சொட்டுமருந்து வாங்கிவந்து தந்தவன்.)

தொடக்கம் இரண்டு: “சஜி நல்ல பையன்தான், ஆனால்...”

(இப்படித் தொடங்கினால் “ஆனால்” என்ற சொல்லிலேயே கதை முடிந்துவிடுகிறது.)

தொடக்கம் மூன்று: “பெண்கள் களத்தில் இறங்கியதும் மற்ற சேனல்காரர்கள் சாயா குடிக்கப் போனார்கள். வெயிலில் நின்று முழுப் போட்டியையும் படம்பிடித்தவன் சஜி ஒருவனே.”

இது உண்மை. இதையும் வைத்துக்கொண்டுதான் கதையை எழுத வேண்டும். எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான், கிடைத்தவன் இவன். என்ன செய்ய?

2 (மறுபடியும்)

பேட்டியிலிருந்து அந்தக் கேள்வியை மட்டும் யாரோ வெட்டி எடுத்துப் போனில் அனுப்ப, அது ஆரியங்கோடு, பெருங்கடவிளை என்று பக்கத்து ஊரெல்லாம் சுற்றி வந்தது. நிஜின் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டதும் கேட்பார்களாம்: “எலே, இண்ணைக்குக் கயிற அவுத்து விட்டாளா?” முதலில் அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு வண்டியைச் சர்ச் வளைவில் தனியே போடத் தொடங்கினான். ஏன் என்று வீட்டில் சொல்லவில்லை. ஜீனாவுக்கு யாரும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மதிலோரத் துவைகல்லில் வைத்து அவள் பிந்துவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஞாயித்துக்கிழமைக்கு நான் வரல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பெருங்கடவிளையில் இறுதிப்போட்டி.

“என்னத்துக்குப் பிள்ளே?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாமலா? நீ வரல்லெங்கி ஆளு குறையும். ஆளு குறைஞ்சா களத்தில எறக்கமாட்டினும். எவளையாவது சேத்தாலும் கயிறுக்க கடைசியில ஆரு நிக்கும்? நம்ம டீமில அந்த மெலிஞ்ச அஜிஷாவையா நிறுத்த? அவளக் கயிறே கொண்டு போயிரும்.”

“எனக்க வீட்டுக்காரரு வளைவில போய் ஒளிஞ்சு கெடக்காரு, பிந்து.”

“சஜி ஒரு தமாசு சொன்னதாக்கும். மோசமா வல்லதும் சொன்னானா? சொல்லு.”

“இல்ல.”

“பின்ன?”

“விஜயதாசண்ணன்கிட்ட என்ன கேட்டான்?”

விஜயதாஸ் ஆண்கள் அணியின் கேப்டன். அதே நாளில் அதே மைக்கில் பேசியவன். பிந்து துணியை ஓங்கி அடித்தாள்.

“நீயும் கேட்டல்லா, பிந்து? சொல்லு.”

“ரெண்டாவது இழுப்பில காலு வழுக்கினப்போ எப்படிப் பிடிச்சு நின்னீங்கன்னு கேட்டான்.”

“எனக்கும் வழுக்கிச்சு.”

துணி அடிக்கும் சத்தம் நின்றது.

“மூணாவதில எனக்கும் வழுக்கிச்சு, பிந்து. நீங்க எல்லாரும் ஒக்கெ தளந்து போனிய. ஈர மண்ணில குதிகால இறக்கி, முதுகச் சாச்சு, நீங்க மூச்செடுக்கும் வரை கயிற விடாம நின்னேன். எப்படி நின்னேன்னு சொல்லணும்னு அவன் மைக்க நீட்டும்போதே மனசில ரெடியா வச்சிருந்தேன். அவன் நிஜினப் பத்திக் கேட்டான். அவரு அண்ணைக்குக் களத்துப் பக்கமே வரல்ல. பாறசாலைக்கு ஓட்டம் போயிருந்தாரு.”

(இங்கே நான் ஒரு வரி எழுதி அடித்தேன். “ஜீனாவின் கண்கள் கலங்கின.” எனக்கெப்படித் தெரியும்? நடுவில் மதில். என் கண்ணில் கறுப்புக் கண்ணாடி.)

3

இனிக் கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். ஆனால் வழியில் ஒரு தென்னை இருக்கிறது, பார்த்துப் போங்கள்.

சிரிக்கவைத்த கேள்வி தீங்கானதா? சஜியின் மனதில் விஷம் இல்லை. கேள்வியில் கெட்ட சொல் ஒன்றும் இல்லை. கேட்கப்பட்டவளும் சிரித்தாள். இந்த மூன்றையும் வைத்து “இதிலென்ன இருக்கிறது” என்று நானே ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது. அப்போது வாசலில் விஜயதாசின் குரல். என் வீட்டில் தேங்காய் பறிப்பவனும் அவன்தான். எழுதியதைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. பாதி மரம் ஏறியவனிடம் கீழேயிருந்து கேட்டேன்.

“எலே விஜயதாசே, இவ்வளவு பலம் வச்சிருக்க. வீட்டில பெண்டாட்டிக்கு உன்னப் பாத்துப் பேடி உண்டா?”

மேலே அசைவு நின்றது.

“எதுக்கு மாமி கேக்கிய?”

“சும்மா மக்கா.”

“அவ இஞ்ச வந்து வல்லதும் சொன்னாளா?”

“இல்லலே. தமாசுக்குக் கேட்டேன்.”

“இதென்ன தமாசு மாமி? நான் அவளுக்க மேல கைவச்சது கெடையாது, கேட்டியளா? வேணும்னா அவளையே விளிச்சுக் கேளுங்க.”

தேங்காய்களைத் தாறுமாறாகப் போட்டுவிட்டு, சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டான். அதே கேள்விதான். புருஷன் இருந்த இடத்தில் பெண்டாட்டி, அவ்வளவுதான் மாற்றம். ஜீனாவிடம் போனபோது வேடிக்கையாக இருந்தது, விஜயதாசிடம் போனபோது போலீஸ் விசாரணை ஆகிவிட்டது. நான் எழுதிவைத்த பக்கத்தை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தேன். (எரிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருக்கிறதே.)

அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: பிந்து “தமாசு” என்றாள் அல்லவா. அவளுக்கும் ஒரு வலி உண்டு, அது வேறு இடத்தில். அரையிறுதியில் ஜெயித்த ஆண்களுக்கு வழக்கம்போல ஆளுயர நேந்திரன் வாழைக்குலை. கேப்டன் அதைத் தோளில் போட்டு மைதானம் சுற்றி வருவான். பெண்களுக்குக் கமிட்டிக்காரர்கள் ஒரு காசரோல் செட் கொடுத்தார்கள். “உபயோகமுள்ள சாதனமல்லா” என்றார் கமிட்டித் தலைவர் சோமன். “சோமண்ணே, சோறு சூடா இருக்க வைக்கியதுக்கா நான் இஞ்ச நின்னு தொண்டை கீறினேன்? எனக்குக் குலை வேணும்” என்று பிந்து அங்கேயே சண்டை. சோமனுக்குப் புரியவேயில்லை. ஒருவருக்குத் தமாசு, இன்னொருவருக்கு முள். யாருக்கு எது என்று வெளியே நின்று சொல்ல என்னால் முடியவில்லை.

4

சஜி சொட்டுமருந்துடன் வந்தான்.

“நீ என்னத்துக்குலே அப்படிக் கேட்ட?”

“மாமியும் தொடங்கியாச்சா? தமாசாக்கும்.”

“தமாசுன்னு தெரியும். நானும் சிரிச்சேன். என்னத்துக்குன்னு கேக்கேன்.”

நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டான்.

“சத்தியமா சொல்லுதேன். ஆணுங்க ஜெயிச்சா கேக்கதுக்கு நாலு கேள்வி கையில உண்டு. சின்னதிலேந்தே கேட்டு வளந்ததாக்கும். பெண்ணுங்க முன்னால மைக்க நீட்டினதும் தலை காலி. சிரிக்க வச்சா நல்லாருக்கும்னு தோணிச்சு.”

“அந்த நாலையும் இவகிட்டக் கேட்டா என்ன?”

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. பிறகு மெதுவாக, “தோணல்ல மாமி.”

அவனை அதோடு விட்டுவிடலாம் என்றிருந்தேன். அவன் விடவில்லை.

“ஆனா ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கேள்வி இல்லெங்கி அந்த வீடியோவ ஆரு பாத்திருப்பா? இந்த ஊரில பெண்ணுங்க வடம்வலிக்கினும்னு ஆயிரம்பேரு அறிஞ்சதே அதனாலயாக்கும்.”

சொட்டுமருந்தை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆயிரம்பேர் பார்த்தார்கள்தான். பார்த்தவர்களில் ஒருவர்கூட ஜீனா எப்படி நின்றாள் என்று கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். பேட்டிக்கு இருந்ததே கொஞ்ச நேரம். அந்த நேரத்தை நிஜின் எடுத்துக்கொண்டான், பாறசாலையில் இருந்தபடியே, அவனுக்கே தெரியாமல்.

5

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

முடிவு அ: சஜி ஜீனாவின் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறான். அவள் மன்னிக்கிறாள். (அவன் வந்தால் ஜீனா சாயா போட வேண்டியிருக்கும். மன்னிப்புக் கேட்கிறவனுக்கும் அவளே சாயாவா?)

முடிவு ஆ: இறுதிப்போட்டியில் சஜி மறுபடி அதையே கேட்க, ஜீனா மைக்கைப் பிடுங்கி ஒரு பதிலடி கொடுக்கிறாள். ஊரே கைதட்டுகிறது. (இதை எழுதும்போது எனக்கு ரொம்பக் குஷி. பதிலடி வசனம் நாலு எழுதினேன். எதையும் ஜீனா சொல்லமாட்டாள். அவளுக்குக் கயிறு பிடிக்கத் தெரியும். விஜயதாஸ் கயிறு மட்டும் பிடித்தால் போதும், இவள் நாக்கிலும் கத்தி வைத்திருக்க வேண்டும் என்று நான் ஏன் கேட்கிறேன்?)

முடிவு இ: ஜீனா வரவில்லை. அணி களத்தில் இறங்கவில்லை. அடுத்த ஓணத்துக்குப் பெண்கள் வடம்வலி

(முடிக்கவில்லை. முடிக்க மனம் வரவில்லை.)

ஆக என்னிடம் முடிவு இல்லை. கண் காட்ட வேண்டிய நாள் வந்தது. நிஜினின் ஆட்டோவில் புறப்பட்டேன்.

6

சந்திப்பில் ஒரு வண்டி பழுதாகிக் கிடந்தது. கட்டி இழுக்கக் கயிறு கேட்டார்கள். நிஜின் தன் வண்டியிலிருந்து கயிறை எடுத்துக்கொண்டு இறங்கினான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இனி எல்லாம் காதுதான்.

“எலே நிஜினே, கயிறு கையில உண்டே! வீட்டிலேந்து அவுத்துட்டு வந்தியா?”

சிரிப்பு.

“உன்னத் தெனமும் எவ்வளவு தூரம் இழுப்பா?” என்றது யோசுவாவின் குரல். அவனும் ஆட்டோக்காரன்.

வழக்கமாக நிஜின் திரும்பி வந்துவிடுவான். காத்திருந்தேன். வரவில்லை.

“எடே யோசுவா, நீ வடம்வலி பாத்திருக்கியா?”

“பாக்காமலா?”

“கடைசியில நிக்க ஆளு இழுக்குமா?”

“பின்ன, இழுக்காம?”

“இழுக்காது. அதுகூடத் தெரியாதா? முன்ன நிக்கவங்கதான் இழுக்கும். கடைசி ஆளு பிடிச்சு நிக்கும். எதிர்டீம் ஒக்கெ சேந்து வலிச்சாலும் அந்த ஒரு ஆளு நகரப்பிடாது. எனக்க பெண்டாட்டி யாரையும் இழுத்ததில்ல. அவ நின்னாளாக்கும். இஞ்ச வா, பிடி இந்த நுனிய. நீங்க எல்லாரும் பிடிங்க, நான் இந்தப் பக்கம் இடுப்பில சுத்தி ஒத்தைக்கு நிக்கேன். வலிங்க பாப்பம்.”

கால்கள் உரசும் சத்தம். மூச்சு. ஒரு “ஹேய்!” பிறகு தொப்பென்று ஒரு விழுகை. பெருஞ்சிரிப்பு.

“விழுந்தாச்சா மக்கா?” என்றேன்.

“விழுந்தாச்சு மாமி,” என்றான் நிஜின், தரையிலிருந்து. “பாத்தியளா? என்னால முடியல்ல. அவ நின்னா.”

யாரோ சொன்னார்கள், சிரிப்பில்லாமல்: “அப்போ அந்த மூணாவது இழுப்பில அவ எப்படிலே நின்னா?”

இந்தக் கதை எங்கோ போய்த் தேடிக்கொண்டிருந்த கேள்வி, ஆட்டோ ஸ்டாண்டில் கிரீஸ் கறைக்கு நடுவே இப்படி வந்து விழுந்தது. சத்தியமாக நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் இன்னும் நல்ல இடமாகப் பார்த்திருப்பேன்.

7

அன்று சாயங்காலம், மதிலுக்கு அந்தப் பக்கம்.

“ஸ்டாண்டில வச்சு கயிறு சுத்திக் காட்டினியளாமே?”

“ஆரு சொன்னா?”

“ஆரு சொல்லல்ல? இடுப்பில சுத்தினியளாமே, பசுவக் கெட்டியது மாதிரி.”

“பின்ன எப்படியாக்கும்?”

“அக்குளுக்கு அடியில விட்டு, முதுகு வழியா எடுத்து, மத்தத் தோளில போடணும். தெனமும் பயிற்சிக்குக் கொண்டு விடுகிய, இதுகூடப் பாக்கல்லியா? எனக்க மானமே போச்சு.”

“நான் விழுந்தேன்டி.”

“விழாம?”

சிரிப்பு. இரண்டு பேருடையதும். பிறகு அவள் குரல்:

“எனக்க பூட்சு எங்க?”

8

ஞாயிற்றுக்கிழமை பெருங்கடவிளை மைதானத்தின் ஓரத்தில் நிஜினின் ஆட்டோ நின்றது. இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டு உள்ளே நான். படியில் தொங்கிக்கொண்டு நிஜின். இரண்டு அணியும் ஆளுக்கொரு இழுப்பு ஜெயித்திருந்தன. எதிரணி ஆரியங்கோட்டுப் பெண்கள்.

“இப்ப என்னலே நடக்குது?”

“மூணாவது. நின்னாச்சு. மாமி, தலைய உள்ள இழுங்க, பொடி வருது.”

விசில். பிந்துவின் குரல் கீறிக்கொண்டு எழுந்தது. “பிடி... பிடி... பிடி...”

“போகுது மாமி. நம்ம ஆளுங்க வழுக்குதுவ. ஐயோ.”

“ஜீனா?”

“சாஞ்சுட்டா. மண்ணில குதிகால இறக்கிச் சாஞ்சுட்டா. நின்னுபோச்சு! கயிறு நின்னுபோச்சு!”

கூட்டமே அடங்கியது. அவ்வளவு பேர் கூடிய இடத்தில் பிந்துவின் “பிடி” மட்டும். அது எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. பிறகு ஓர் இரைச்சல், விசில்.

“போச்சு மாமி,” என்றான். “ஆரியங்கோடு ஜெயிச்சாச்சு. ஆனா நின்னா, பாத்தியளா? நீங்க பாக்கல்லல்லா. நின்னா.”

தோற்றுவிட்டார்கள். இதை மாற்றி எழுத ஆசைதான். ஆனால் ஆரியங்கோட்டுப் பெண்களும் கயிறு பிடித்துத்தானே ஜெயித்தார்கள். அவர்களை நான் எப்படித் தோற்கடிப்பது?

இரண்டாம் பரிசு குலை. இந்தக் கமிட்டியில் காசரோல் இல்லை. ஓரளவு பெரிய குலைதானாம். பிந்து தோளில் போட்டு மைதானம் சுற்றுவது சத்தத்தில் தெரிந்தது. கீறிப்போன தொண்டையில் அவள் கூவிக்கொண்டே போனாள்.

நான் படுதாவைத் தூக்கினேன். டாக்டர் மன்னிக்கட்டும். முதல்முறையாக இந்தக் கதையில் ஒன்றைப் பார்க்கிறேன். ஜீனா வண்டிக்கு அருகே நிற்கிறாள். கால்சட்டை முழுக்கச் செம்மண். தோளில் கயிறு பதிந்த தடம். ஜெயித்தவர்களிடம் பேசிவிட்டுச் சஜி மைக்குடன் இந்தப் பக்கம் வருகிறான். தோற்றவர்களிடம் அவன் பேட்டி எடுத்து நான் கேட்டதில்லை. ஜீனாவின் எதிரே வந்து நிற்கிறான். மைக்கை நீட்டுகிறான். வாயைத் திறக்கிறான்.

இங்கே நிறுத்துகிறேன்.

அவன் என்ன கேட்டான் என்பது எனக்குத் தெரியும். சொன்னால் இது சஜி திருந்திய கதையாகவோ திருந்தாத கதையாகவோ ஆகிவிடும். இது ஜீனாவின் கதை. அதனால் மைக்கை அவனிடமிருந்து வாங்கி உங்களிடம் தருகிறேன். கனமில்லை, பிடித்துக்கொள்ளுங்கள். நீங்களும் எத்தனையோ பேட்டி பார்த்துச் சிரித்தவர்கள், என்னைப் போல.

ஜீனா உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்கிறாள். நிஜின் படியிலிருந்து இறங்கி, பேட்டிக்குள் விழுந்துவிடாமல் தள்ளி நிற்கிறான். அவள் முகத்தை இப்போது நன்றாகப் பார்க்க முடிகிறது. பதில் அரையிறுதியிலிருந்தே அவளிடம் ரெடி.

கேளுங்கள்.